ஒரே சூரியப்புள்ளி ஏன் திரும்பத் திரும்ப வெடிக்குது? (3664 பத்தி ஒரு சந்தேகம்)

செங்கதிர்_கரூர் | 12 மே 2024, காலை 9:10

எல்லாருக்கும் வணக்கம். 2019 டிசம்பர் கங்கண கிரகணத்துக்கு வாங்குன கண்ணாடி பீரோவுல இருந்துச்சு, ஓட்டை கீறல் எதுவும் இருக்கான்னு பல்பு வெளிச்சத்துல காட்டி செக் பண்ணிட்டு நேத்து காலைல அதுல சூரியனைப் பாத்தேன். ஓரத்துப் பக்கமா ஒரு கருப்புப் பொட்டு, டெலஸ்கோப் எதுவும் இல்லாமலே தெரியுது! நியூஸ்ல சொல்ற ஏஆர் 3664ங்கிற சூரியப்புள்ளிக் கூட்டம் இதுதானா?

என் கேள்வி என்னன்னா, 8ஆம் தேதில இருந்து இந்த ஒரே இடத்துல இருந்து எக்ஸ் கிளாஸ் ஃப்ளேர், அதாவது ரொம்பப் பெரிய சூரிய வெடிப்பு, தொடர்ந்து வந்துக்கிட்டே இருக்குன்னு படிச்சேன். ஒரு தடவை அவ்வளவு பெருசா வெடிச்சா சக்தி தீர்ந்து அடங்கிடணும்ல? அடுத்த நாளே அதே இடத்துல மறுபடி வெடிக்க சக்தி எங்க இருந்து வருது? நான் ஒம்பதாம் கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்குறேன், லீவுலயும் பிள்ளைங்க வாட்ஸ்அப்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும். இன்னொண்ணு, இந்த வருஷம் கத்திரி வெயில் இப்படி வாட்டுறதுக்கும் இதுதான் காரணம்னு ஒரு மெசேஜ் சுத்துது. அது உண்மையா?

விண்மீன்வேட்டை | 12 மே 2024, காலை 10:45

டீச்சர், நீங்க பாத்தது 3664தான், இப்போ கண்ணாடி போட்டாலே தெரியிற அளவுக்குப் பெரிய புள்ளி வேற எதுவும் சூரியன்ல இல்ல. அந்தக் கூட்டத்தோட நீளம் பூமியோட விட்டத்தைப் போல சுமார் 15 மடங்குன்னு கணக்குப் போட்டிருக்காங்க, அதாவது கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீட்டர். 1859ல கேரிங்டன்ங்கிற வானியலாளர் பாத்து வரைஞ்சு வச்ச புள்ளிக் கூட்டமும் ஏறக்குறைய இதே சைஸ்தான்.

இப்போ உங்க மெயின் கேள்விக்கு வர்றேன். அங்க எரியிற பொருள்னு எதுவுமே கிடையாது, அதனால "தீந்து போறது"ங்கிற கணக்கு இங்க செல்லாது. ஃப்ளேருக்கு வேண்டிய சக்தி முழுக்க காந்தப்புலத்துல இருந்து வருது. சூரியப்புள்ளிங்கிறது காந்தப்புலம் உள்ள இருந்து மேற்பரப்பைத் துளைச்சுக்கிட்டு வெளிய வர்ற இடம், 1908ல ஹேல்ங்கிற வானியலாளர் அமெரிக்காவுல மவுண்ட் வில்சன் ஆய்வகத்துல இதைக் கண்டுபிடிச்சாரு. பெரிய புள்ளி ஒண்ணுல 2000, 3000 காஸ் அளவுக்கு காந்தப்புலம் இருக்கும், நம்ம ஊர்ல பூமியோட காந்தப்புலம் 0.4 காஸ்தான், வித்தியாசத்தைப் பாத்துக்கோங்க. அவ்வளவு வலுவான காந்தப்புலம் கீழ இருந்து சூடான வாயு கொதிச்சு மேல வர்றதைத் தடுத்துடுது, அதனால அந்த இடம் மட்டும் சுத்தி இருக்குற 5800 கெல்வினை விட ஆயிரம் ரெண்டாயிரம் டிகிரி குறைஞ்சு கருப்பாத் தெரியுது.

இந்தக் காந்தக் கோடுங்க முறுக்கில்லாம அமைதியா வளைஞ்சு நின்னா ஒரு பிரச்சினையும் இல்ல, அதுல இருந்து சக்தியை எடுக்கவே முடியாது. ஆனா அதோட கால் ஊன்றியிருக்குற மேற்பரப்பு சும்மா இருக்காதே, வாயு நகருது, சுழலுது, வட துருவம் உள்ள புள்ளியும் தென் துருவம் உள்ள புள்ளியும் ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு எதிரெதிர்ப் பக்கமா நகருது. அப்போ மேல இருக்குற கோடுங்க இழுபட்டு முறுக்கேறும். ஒரு அளவுக்கு மேல போனதும் எதிர்த் திசைக் கோடுங்க ஒண்ணோட ஒண்ணு அறுந்து வேற விதமா இணைஞ்சுக்கும், காந்த மறுஇணைப்புன்னு சொல்றது இதைத்தான். அந்த நிமிஷம் சேத்து வச்ச சக்தி எக்ஸ்ரேவா, வெப்பமா, வேகமான துகள்களா வெளிய கொட்டுது. ஆனா மொத்த முறுக்கும் ஒரே ஃப்ளேர்ல அவிழ்றதில்ல, ஒரு பகுதிதான் அவிழும். மிச்சம் அப்படியே இருக்கும், கீழ இருந்து புதுக் காந்தப்புலம் மேல வந்துக்கிட்டே இருந்தா அந்த இழப்பும் சில மணி நேரத்துல, இல்லன்னா ஒரு நாள்ல நிரம்பிடும்.

பிள்ளைங்களுக்குச் சொல்றதுன்னா நான் ஊத்துக் கிணத்தைச் சொல்வேன். அடியில ஊத்துக்கண்ணு திறந்து இருக்குற வரைக்கும் மோட்டார் போட்டு இறைச்சாலும் விடியறதுக்குள்ள தண்ணி ஊறிடும். 3664ல இப்போ அந்த ஊத்துக்கண்ணு ரொம்பப் பெருசா திறந்து கிடக்கு.

ஏப்ரல் கடைசில இது கிழக்கு விளிம்புல வந்தப்ப பெருசா யாரும் கண்டுக்கல. 6, 7 தேதி வாக்குலதான் திடீர்னு பக்கத்துலயே புதுசா காந்தப்புலம் முளைச்சு, 3668னு தனி நம்பர் வாங்கியிருந்த கூட்டமும் இதோட வந்து ஒட்டிக்கிச்சு. ரெண்டு கூட்டமும் மோதுன இடத்துல வட துருவமும் தென் துருவமும் ஒரே அரைநிழலுக்குள்ள (புள்ளியோட கருப்பு நடுப்பகுதியைச் சுத்தி இருக்குற மங்கலான பகுதி) நெருக்கியடிச்சு நிக்குது. இதுக்கு டெல்டா வகைன்னு பேரு, ஃப்ளேர் கணிக்கிறவங்க இதைப் பாத்தாலே உஷாராயிடுவாங்க. இதுவரைக்கும் வந்தது: 8ஆம் தேதி எக்ஸ் 1.0 ரெண்டு தடவை, 9ஆம் தேதி எக்ஸ் 2.2, எக்ஸ் 1.1, 10ஆம் தேதி எக்ஸ் 3.9, 11ஆம் தேதி எக்ஸ் 5.8, எக்ஸ் 1.5. எக்ஸ் வகைங்கிறது எம் வகையை விட 10 மடங்கு, எம் வகை சி வகையை விட 10 மடங்கு, அப்படித்தான் ஃப்ளேர் பலத்தோட அளவுகோல்.

கத்திரி வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 11 வருஷச் சுழற்சில சூரியனோட மொத்த ஒளி மாறுறதே சுமார் 0.1 சதவீதம்தான். ஃப்ளேர்ல கூடுறது எக்ஸ்ரேயும் புற ஊதாவும், அது மேல்வளிமண்டலத்துலயே நின்னுடும், தரைக்கு வராது. சொல்லப்போனா இவ்வளவு பெரிய கருப்புப் புள்ளி நம்ம பக்கம் திரும்பியிருக்குற நாள்ல சூரியன் துளியூண்டு மங்கலாத்தான் இருக்கும்! சித்திரை வைகாசில சூரியன் நம்ம தலைக்கு நேரா வருது, அதனாலதான் வெயில். அந்த மெசேஜை அனுப்புனவங்களுக்கு இதையே ஃபார்வர்ட் பண்ணுங்க.

ஹாம்_மதுரை | 12 மே 2024, மதியம் 1:20

விண்மீன்வேட்டை அண்ணன் அருமையா சொல்லிட்டாரு, ரேடியோ பக்கத்தை நான் சொல்றேன்.

10ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஹாம் ரேடியோவுல 20 மீட்டர் சிற்றலைப் பேண்டுல இருந்தேன். அந்த எக்ஸ் 3.9 நம்ம நேரப்படி 11:57க்கு ஏற ஆரம்பிச்சு 12:24க்கு உச்சத்துக்குப் போச்சு, அதாவது சூரியன் சரியா நம்ம நாட்டுக்கு மேல நிக்கிற நேரம். பேசிட்டு இருந்த ஸ்டேஷன் தேய்ஞ்சுக்கிட்டே போயி மறைஞ்சிடுச்சு, பேண்டு முழுக்க சுத்திப் பாத்தாலும் இரைச்சல் மட்டும்தான். முதல்ல ஆன்டெனா கனெக்டரைத்தான் சந்தேகப்பட்டுப் பாத்தேன், அப்புறம் போன்ல கோஸ் சாட்டிலைட்டோட எக்ஸ்ரே கிராஃபைத் திறந்ததும் விஷயம் புரிஞ்சுது. எக்ஸ்ரே வந்து அயனமண்டலத்தோட அடி அடுக்கான டி லேயரை அளவுக்கு மீறி அயனியாக்கிடும், நாங்க அனுப்புற சிற்றலை மேல போயி எதிரொலிக்கிறதுக்குள்ள அந்த அடுக்கே அதைத் தின்னுடும். ஃப்ளேர் தணிஞ்சதும் கொஞ்ச நேரத்துல பேண்டு மெதுவா திரும்ப வந்துச்சு. நேத்து வந்த எக்ஸ் 5.8 இதை விடப் பெருசு, ஆனா அது காலைல 6:53க்கு உச்சம், நமக்கு அப்பத்தான் சூரியன் மேல வர்றாரு, அதனால அடி முழுக்க பசிபிக் பக்கம் விழுந்துச்சு. ஆக எத்தனை எக்ஸ்ங்கிறதை மட்டும் பாத்தா போதாது, அந்த நேரத்துல பூமியோட எந்தப் பக்கம் சூரியனைப் பாத்துக்கிட்டு இருக்குங்கிறதும் முக்கியம்.

புதுப்பையன்11 | 12 மே 2024, மாலை 4:02

அண்ணா ஒரு டவுட். ஃப்ளேர் வெளிச்சம் 8 நிமிஷத்துல வந்துடுதுல்ல, அப்புறம் எதுக்கு லடாக்ல அரோரா 10ஆம் தேதி ராத்திரிதான் தெரிஞ்சுது? 8ஆம் தேதியே தெரிஞ்சிருக்கணுமே? அப்புறம் ராத்திரி 12:30ல இருந்து போனை ஆஃப் பண்ணி தூரமா வைக்கச் சொல்லி அம்மா சொல்றாங்க, அவங்களுக்கு ஒரு மெசேஜ் வந்துருக்கு.

கொடைமலை_வாசி | 12 மே 2024, இரவு 8:35

தம்பி, நல்ல கேள்வி, இந்த இடத்துலதான் செய்தி சேனல்ல எல்லாம் குழப்பிடுறாங்க. ஃப்ளேர் வேற, சிஎம்இ வேற. ஃப்ளேர்ங்கிறது ஒளி, அது 8 நிமிஷம் 20 செகண்ட்ல வந்துடும். சிஎம்இங்கிறது கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா காந்தப்புலத்தையும் இழுத்துக்கிட்டு கிளம்பி வர்றது, அது வந்து சேர ஒரு நாள்ல இருந்து மூணு நாள் ஆகும். அரோராவும் காந்தப்புயலும் சிஎம்இயால வர்றது. 8, 9 தேதிகள்ல இந்த 3664ல இருந்து குறைஞ்சது 5 சிஎம்இ நம்ம பக்கமா கிளம்புச்சு, பின்னாடி வந்தது முன்னாடி போனதை விட வேகம். முதல்ல போனது வழியில இருக்குற சூரியக் காற்றைத் துடைச்சுக்கிட்டுப் போயிடுது, அடுத்தது தடையில்லாம வேகமா வந்து முன்னாடி போனதைப் பிடிச்சு அதோட சேந்துக்குது. அப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நசுங்கி காந்தப்புலம் அடர்த்தியாயி வந்து மோதுனது நம்ம நேரப்படி 10ஆம் தேதி ராத்திரி சுமார் 10:35க்கு. திரும்பத் திரும்ப வெடிக்கிற புள்ளியைப் பாத்து எனக்கு பயம் வர்றது இதனாலதான், ஒரே சைஸ்ல தனித்தனியா 5 தடவை வந்தா தாங்கிக்கலாம், ஒண்ணா சேந்து வந்தா கதையே வேற.

காந்தப்புயல் அளவுகோல்ல உச்சமான ஜி5 அளவுக்குப் புயல் போனது 2003 அக்டோபருக்கு அப்புறம் இப்பத்தான். லடாக்ல ஹான்லேல இருக்குற நம்ம வானாய்வகத்தோட கேமராவுல வடக்கு அடிவானம் செக்கச்செவேல்னு பதிவாயிருக்கு. அந்தச் சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேல இருக்குற ஆக்சிஜன் அணு விடுற 630 நானோமீட்டர் ஒளி. பச்சை அதுக்குக் கீழ இருக்கும், ஹான்லே அவ்வளவு தெற்க இருக்குறதால பூமியோட வளைவுல பச்சை மறைஞ்சு மேல இருக்குற சிவப்பு மட்டும் தெரிஞ்சுது.

அம்மாகிட்ட சொல்லுப்பா, அந்த 12:30 மெசேஜ் பல வருஷமா தேதியை மட்டும் மாத்திச் சுத்துற பொய். ராத்திரி நேரத்துல நமக்கும் சூரியனுக்கும் நடுவுல முழு பூமியே இருக்கு, கையில இருக்குற போனாலயும் நமக்கு ஒண்ணும் ஆகாது. நிஜமான பாதிப்பு எங்கன்னா நீளமான மின்கம்பிகள், சாட்டிலைட், ஜிபிஎஸ். இந்தப் புயல்லயே அமெரிக்காவுல விதைப்பு நேரத்துல ஜிபிஎஸ் வச்சு ஓட்டுற டிராக்டர்கள் வரி தப்பி நிறைய பேர் வேலையை நிறுத்த வேண்டியதாயிடுச்சு. 1989 மார்ச்ல கியூபெக் மாகாணம் முழுக்க 9 மணி நேரம் இருட்டு, 60 லட்சம் பேர், அதுக்கும் காரணம் ஒரே ஒரு பெரிய புள்ளிக் கூட்டம்தான்.

டீச்சருக்கு ஒரு சேதி. பெரிய புள்ளி, நிறைய ஃப்ளேர், அப்போ கண்டிப்பா புயல்னு பிள்ளைங்க முடிவு கட்டிடக் கூடாது. 2014 அக்டோபர்ல 12192னு ஒண்ணு வந்துச்சு, போன சுழற்சிலயே பெரிய புள்ளி அதுதான், பரப்புல 3664ஐ விடவும் பெருசு. நம்ம பக்கம் இருந்த அந்த ரெண்டு வாரத்துல 6 எக்ஸ் ஃப்ளேர் விட்டுச்சு, 24ஆம் தேதி வந்தது எக்ஸ் 3.1. ஆனா அந்த எக்ஸ் ஃப்ளேர் எதுலயும் சிஎம்இ கிளம்பல! மேல இருந்த காந்த வளைவுகள் அவ்வளவு வலுவா மூடி போட்டு அமுக்கி வச்சிருந்துச்சு, உள்ளேயே வெடிச்சு உள்ளேயே அடங்கிடுச்சு. 3664ல அந்த மூடி வலுவா இல்ல. அதனால ஒவ்வொரு ஃப்ளேருக்கும் மூணு கேள்வி கேக்கணும்: பிளாஸ்மா வெளிய கிளம்புச்சா, நம்ம பக்கம் வருதா, அதுல இருக்குற காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கா. கடைசிக் கேள்விக்கு அது 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்குற எல்1ங்கிற இடத்துல நிக்கிற விண்கலங்களைத் தாண்டுறப்பதான் பதில் கிடைக்கும், அதுக்கப்புறம் நம்ம கையில இருக்குறது சுமார் அரை மணி நேரம்.

நான் கொடைக்கானல்ல பொறந்து வளந்தவன், இந்த விஷயத்துல எங்க மலைக்கு ஒரு இடம் உண்டு, அதைச் சொல்லாம போக மனசு வரல. 1909ல எவர்ஷெட் இங்க இருக்குற ஆய்வகத்துலதான் சூரியப்புள்ளியோட அரைநிழல்ல வாயு வெளிப்பக்கமா கிடைமட்டமா ஓடுறதைக் கண்டுபிடிச்சாரு, இன்னைக்கும் உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவுன்னுதான் சொல்றாங்க. அப்போ இருந்து தொடர்ந்து எடுத்த சூரியப் படங்கள் நூறு வருஷத்துக்கு மேல அங்க சேந்து இருக்கு, ஒரு புள்ளி எப்படி வளருது எப்படித் தேயுதுன்னு ஒப்பிட்டுப் பாக்க உலகத்துல சில இடங்கள்லதான் அப்படி ஒரு தொகுப்பு இருக்கு. ஸ்கூல் பிள்ளைங்களைக் கொடைக்குக் கூட்டிட்டு வந்தா போட் ஹவுஸோட நிறுத்தாம அங்கயும் கூட்டிட்டுப் போங்க டீச்சர்.

செங்கதிர்_கரூர் | 13 மே 2024, காலை 7:30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊத்துக் கிணறு உதாரணம் எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு சட்டுனு புரிஞ்சிடும். 2014 புள்ளி விஷயம் எனக்கே புதுசு. சரி, இது எப்போ ஓயும்? கண்ணாடில பாத்தா நாளுக்கு நாள் விளிம்புக்குப் போயிட்டு இருக்கே?

விண்மீன்வேட்டை | 15 மே 2024, இரவு 9:15

டீச்சர், பதில் எழுத லேட்டாயிடுச்சு, அதுக்குள்ள அது என்ன பண்ணிடுச்சு பாருங்க. 12ஆம் தேதி இன்னொரு எக்ஸ் 1.0. நேத்து 14ஆம் தேதி ஒரே நாள்ல மூணு, எக்ஸ் 1.7, எக்ஸ் 1.2, அப்புறம் நம்ம நேரப்படி ராத்திரி 10:21க்கு எக்ஸ் 8.7, இந்த 25ஆம் சுழற்சில 2024 மே வரைக்கும் வந்ததுலயே பெருசு. இன்னைக்கு விளிம்பைத் தாண்டிப் போற நேரத்துலயும் ஒரு எக்ஸ் 3.4. மொத்தம் 12 எக்ஸ் ஃப்ளேர், எட்டே நாள்ல, ஒரே கூட்டத்துல இருந்து!

ஆனா அந்த எக்ஸ் 8.7 வர்றப்ப புள்ளி மேற்கு விளிம்புல இருந்துச்சு, சிஎம்இ பக்கவாட்டுல போயிடுச்சு, நமக்கு பெருசா ஒண்ணும் வரல. கொடைமலை அண்ணன் சொன்ன அந்த மூணு கேள்விக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 8ஆம் தேதி வந்த சின்ன எக்ஸ் 1.0 நடுவுல இருந்து நேரா நம்மளைப் பாத்து வந்ததால உலகம் பூரா அரோரா, நேத்து வந்தது அதை விட கிட்டத்தட்ட 9 மடங்கு பலம், ஆனா புயல் இல்ல.

நம்ம ஆதித்யா எல்1 இதைப் பதிவு பண்ணியிருக்குன்னு இஸ்ரோ சொல்லியிருக்கு. சூரியக் காற்றோட வேகம் கூடுனதை அதுல இருக்குற ஆஸ்பெக்ஸ் கருவி அளந்திருக்கு, சோலெக்ஸ், ஹெலியாஸ் கருவிகளும் எக்ஸ்ரேல ஃப்ளேர்களைப் பிடிச்சிருக்கு. நிலாவைச் சுத்துற சந்திரயான் 2ல இருக்குற கருவியும் பாத்திருக்கு. ஆதித்யா திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரங்க, இதை வகுப்புல கண்டிப்பா சொல்லுங்க, பொம்பளப் பிள்ளைங்க கேக்கட்டும்.

ஓயுமான்னு கேட்டீங்கல்ல, இப்போ அது சூரியனோட முதுகுப் பக்கம் போகுது. சூரியன் நம்ம பார்வைக்கு ஒரு சுத்து சுத்த சுமார் 27 நாள் ஆகும், அதனால ரெண்டு வாரம் மறைஞ்சிருந்து மே கடைசில கிழக்குப் பக்கம் திரும்ப எட்டிப் பாக்கலாம், கரைஞ்சு போகாம இருந்தா.

ஹாம்_மதுரை | 29 மே 2024, இரவு 9:05

வந்துடுச்சு! மே 27 மத்தியானம் கிழக்கு விளிம்புல முழுசா வெளிய வர்றதுக்கு முன்னாடியே எக்ஸ் 2.8, இன்னைக்கு ராத்திரி எட்டு மணி வாக்குல எக்ஸ் 1.4. நம்பர் மட்டும் மாறுது, ஒவ்வொரு தடவை திரும்பி வர்றப்பவும் புது நம்பர்தான் குடுப்பாங்க, இப்போ இதுக்கு 3697.

புதுப்பையன்11 | 11 ஜூன் 2024, மாலை 6:40

அண்ணா நேத்து திரும்ப எக்ஸ் 1.5 போட்டிருக்கே, இன்னும் அடங்கலயா? ஊத்துக்கண்ணு அடைபட்டா எப்படித் தெரியும்?

கொடைமலை_வாசி | 11 ஜூன் 2024, இரவு 9:20

புதுக் காந்தப்புலம் மேல வர்றது நின்னுட்டா முதல்ல அந்த டெல்டா பகுதி பிரியும், அரைநிழல் உடையும், பெரிய புள்ளி துண்டு துண்டா சிதறி ஒவ்வொண்ணும் சின்னதாகும். புள்ளி கண்ணுக்கு மறைஞ்சப்புறமும் காந்தப்புலம் அந்தப் பகுதில பரவி வலுவில்லாம கிடக்கும், அதுல இருந்து எக்ஸ் வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு. நாசாவோட எஸ்டிஓ சூரிய விண்கலம் எடுக்குற படம் தினமும் இலவசமா கிடைக்குது, வெள்ளொளிப் படத்தையும் காந்தப்படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. காந்தப்படத்துல வெள்ளை ஒரு துருவம், கருப்பு இன்னொரு துருவம், ரெண்டும் நெருக்கியடிச்சு நிக்கிற கோடு எங்க இருக்கோ அங்கதான் அடுத்த வெடிப்பு.

மே மாசப் படத்தோட ஒப்பிட்டா 3697 கண்கூடா இளைச்சிருக்கு, அந்தக் கோடும் சின்னதாயிடுச்சு. ஆனா எக்ஸ் இன்னும் வருதே, அதனால முடிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். போன மாசப் புயல் நேரத்துல ஆதித்யால சூட், வெல்க் ரெண்டு கருவியும் மூடி இருந்துச்சுன்னு நேத்து இஸ்ரோ சொல்லியிருக்கு, திறந்தப்புறம் சூட் எடுத்த படங்களை இப்போ வெளியிட்டிருக்காங்க, அதையும் பாரு. இது இப்போ மறுபடி பின்னாடி போயிட்டு இருக்கு, ஜூன் கடைசி வாரத்துல கிழக்கு விளிம்பைப் பாத்துக்கிட்டே இரு, மூணாவது சுத்துக்கு என்ன மிச்சம் இருக்குன்னு இங்கயே எழுதலாம்.